துவைத்தாள் துணி ராசுவா!
தலைகீழாகப் பேசும் தீவு

"ராசுவா துணி துவைத்தாள்."

நாம் இப்படித்தான் சொல்வோம். முதலில் ஆள். பிறகு பொருள். கடைசியில் வேலை.

இதையே தலைகீழாகச் சொல்லும் மக்கள் இருக்கிறார்கள்!

ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு எதிரே, கடலின் நடுவே இருக்கிறது மடகாஸ்கர் தீவு. அங்கே பேசும் மொழி மலகாசி. ராசுவா என்பது அங்கே பெண்ணுக்கு வைக்கும் பெயர்.

"நனாச லம்ப ராசுவா" என்பார்கள். நனாச என்றால் துவைத்தாள். லம்ப என்றால் துணி.

அதாவது, "துவைத்தாள் துணி ராசுவா!" வேலை முன்னால், செய்தவர் கடைசியில்!

துவைத்தது யார்?

ஒரு வீட்டில் கேள்வி எழுகிறது: "துணியைத் துவைத்தது யார்?"

ராபே என்று ஒருவர் நினைத்துவிட்டார். கை நோகத் துவைத்தவளோ ராசுவா! அவள் பெயரைக் கடைசியில் மெல்லச் சொன்னால் போதுமா? போதாது.

உடனே பெயர் முன்னுக்குத் தாவுகிறது.

"ராசுவா நு நனாச நி லம்ப."

துவைத்தது ராசுவாதான்! பெயரை அடுத்து வரும் 'நு'வுக்கு நம்முடைய 'தான்' போன்ற அழுத்தம். 'நி லம்ப' என்றால் 'அந்தத் துணி'.

துணிக்கும் முதல் இடம்

துணியை முன்னால் வைக்க வேண்டுமா? வைக்கலாம். ஆனால், வினைச்சொல் தன் உருவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

"நி லம்ப நு நுசாசன் ட்ராசுவா." ராசுவாவால் துவைக்கப்பட்டது துணிதான் என்று பொருள். 'நனாச' இங்கே 'நுசாசன்' ஆகிவிட்டது!

துவைத்த சோப்பைக்கூட முன்னால் வைக்கலாம். அதற்கு 'நனாசன்' என்று இன்னொரு உருவம் உண்டு.

கடல் கடந்த மொழி

இந்த மொழி ஆப்பிரிக்காவில் பிறந்ததல்ல. பல நூற்றாண்டுகளுக்கு முன், இந்துமாக் கடலைக் கடந்து வந்தவர்கள் கொண்டுவந்தது. இதன் நெருங்கிய உறவு மொழி போர்னியோ தீவில் பேசப்படும் மாஞான். நார்வே நாட்டு அறிஞர் ஓட்டோ டால் 1951-ல் எழுதிய நூலில் இந்த உறவை விளக்கிக் காட்டினார்.

நமக்கு அவர்கள் பேச்சு தலைகீழ். அவர்களுக்கோ, நம் பேச்சுதான் தலைகீழ்!

ஆனால், ஒன்றில் இருவரும் ஒன்று. பாடுபட்டவள் பெயரை அழுத்திச் சொல்ல வேண்டுமா? அதற்கு இரண்டு மொழியிலும் வழி இருக்கிறது.

துவைத்தது ராசுவாதான்!