முக்குருத்திச் சதுப்பும் துரைமார் கணக்கும்

ஏரி நிரம்பினால் கிணறு ஊறும். ஏரி வறண்டால் குடி கலையும். தருமபுரி ஜில்லா இண்டூர் போன்ற மானாவாரிச் சீமையில் வாழும் நம்மவருக்கு இதைப் பிறர் போதிக்க வேண்டியதில்லை. ஆயின், மண்வெட்டி படாமல், கரை கட்டாமல், மலையுச்சியிலே இயற்கை அமைத்து வைத்த ஏரிகள் நம் நாட்டில் உண்டென்பதையும், அவற்றை ஏரியென்று ஆள்வோர் எண்ணாமையாலேயே அவை அழிந்து வந்தன என்பதையும் நம்மிற் பலர் அறியார். நீலகிரியின் மேற்குக் கோடியிலுள்ள முக்குருத்திச் சதுப்பு நிலங்களைப் பற்றியே சொல்லுகின்றோம்.

கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல், புல் மேடுகளின் இடையேயுள்ள பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கின்றது. காற்றுப் புகாத அக்குளிர்ந்த நீரில் மடிந்த புல்லும் பாசியும் முற்றும் மக்குவதில்லை. ஆண்டுதோறும் படிந்து, பஞ்சு போன்ற கரிய மண்ணாகின்றன. அம்மண்ணைத் துருவி எடுத்துச் சோதித்த நம் விஞ்ஞானிகள், இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மழையின் சரித்திரத்தை அதிலே படித்து 1993ல் வெளியிட்டனர். பருவமழையை உண்டு, வேனிலில் சிறிது சிறிதாக உமிழ்வது இதன் தொழில். அந்நீரே பைக்காராவாக இறங்கி, மாயாறெனப் பெயர் பெற்று, பவானிசாகரத்தில் பவானியோடு கலந்து, முடிவிற் காவிரியை அடைகின்றது. கீழ்பவானிக் குடியானவன் மடை திறக்கும்போது இச்சதுப்பை நினைப்பானோ, அறியோம்.

இங்கே வாழ்வன யாவை? பூச்சியைப் பிடித்துண்ணும் அழுகண்ணிச் செடி, மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் காணப்படாத நீலகிரி நெட்டைக்காலிப் பறவை, இமயத்திலிருந்து குளிர்காலத்துக்கு வந்திறங்கும் உள்ளான், ஓடைகளில் நீர்நாய், புல் மேயும் கடமான், அதைத் தொடரும் புலி. பாறை விளிம்புகளில் நிற்பது நம் ராஜ்ய விலங்காகிய வரையாடு. 2024ல் எடுத்த கணக்கில் தமிழ்நாடு முழுவதும் 1,031 வரையாடுகளே இருந்தன. தொதவர் தம் கோயில்களுக்குக் கூரை வேயும் அரிய புல்லும் சதுப்பிலே விளைவதுதான். அவர்களுடைய எருமைகள் இங்கு எத்தனையோ தலைமுறை மேய்ந்தன, சதுப்பு கெடவில்லை.

கெடுத்தவர் யார்? மரமில்லாத பூமியெல்லாம் வீண் பூமி என்பது வெள்ளைக்காரத் துரைத்தனத்தாரின் கணக்கு. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகப் புல்வெளி எங்கும் நடப்பட்டன. உதகையின் ஈரநிலத்திலே குதிரைப் பந்தய மைதானம் எழுந்தது. அந்நியனைக் குறை கூறி நாம் கைகழுவிவிடவும் இயலாது. சுதந்திரம் வந்த பின்பும் அதே கணக்கை நம்மவரே தொடர்ந்து எழுதினர். செயற்கைப் பட்டு ஆலைக்கு மரக்கூழ் வேண்டுமென்று நடவு பெருகிற்று. உதகையை அடுத்த க்ளென்மார்கனில் செய்த ஆராய்ச்சியில், புல்வெளியில் கற்பூர மரம் வைத்த முதற் பத்தாண்டில் நீர்வரத்து நூற்றுக்கு 16 பங்கு குறைந்ததென்று கண்டனர். மின்சாரத்துக்கு நீரைத் தேடும் சர்க்காரே நீரைக் குடிக்கும் மரத்தையும் நட்ட விநோதம் இது!

1982ல் முக்குருத்தி சரணாலயமாயிற்று; 1990ல் தேசியப் பூங்காவாயிற்று. 2012ல் மேற்குத் தொடர்ச்சி மலையோடு உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது. நல்லதே. ஆனால் சட்டத்தின் வேலிக்குள் அடங்கியது 78 சதுர கிலோமீட்டர் மாத்திரம். வேலிக்கு வெளியேயுள்ள சதுப்புக்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் காய்கறி பயிரிடுகின்றனர். வேலிக்குள்ளேயோ, சீகைக்குச் சட்டம் தெரியாது. அந்நிய மரங்களை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. சர்க்காரும் 2022ல் இதற்கெனக் கொள்கை வகுத்தனர்.

வெட்டுவது எளிது. சீகையின் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, வெயில் பட்டதும் முளைக்கும். ஒரு முறை வெட்டி, கண்டிராக்டர்க்குப் பணம் கொடுத்து, கோப்பை மூடிவிட்டால் மறு மழையில் காடு திரும்பும். நாற்றைப் பிடுங்க ஆண்டுதோறும் ஆள் வேண்டும். வெட்டிய இடத்தில் பழைய புல்லை நட்டு வளர்க்க வேண்டும். அந்தப் புல்லை அடையாளம் காணத் தெரிந்த தொதவரைக் கூலியாட்களாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், யோசனை கேட்கும் சபையிலும் உட்கார வைக்க வேண்டும். இதற்கான பணம் ஒரே வருஷத்து வரவு செலவுத் திட்டத்தோடு நின்றுவிடாமல் இருக்கின்றதா என்று சட்டசபையில் நம் பிரதிநிதிகள் கேட்பார்களாக.