வாய்ப்புற்று: பேசினாலே வலிப்பது ஏன்? ஆரம்பத்தில் வலிக்காதது ஏன்?

ஒயிட்ஃபீல்டில் டீ பிரேக். கொதிக்கும் டீ, கூடவே மிளகாய் பஜ்ஜி. நாக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அந்த எரிச்சலை உங்களுக்குச் சொல்லும் அதே நரம்புகள்தான், வாய்ப்புற்று வந்தவரைச் சாப்பிடவும் பேசவும் விடாமல் செய்கின்றன.

குளோபோகான் மதிப்பீட்டின்படி 2022-ல் இந்தியாவில் சுமார் 1.44 லட்சம் பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப்புற்று வந்தது. உலக மொத்தத்தில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

நரம்பில் என்ன நடக்கிறது?

வாயில் உணரும் சூடு, தொடுதல், வலி பெரும்பாலும் ட்ரைஜெமினல் நரம்பு வழியாக மூளைக்குப் போகின்றன. வலி நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. மிளகாய்க் காரத்துக்கும், சுமார் 43 டிகிரியைத் தாண்டும் சூட்டுக்கும் இதுதான் அலாரம். இதைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

புற்றுச் செல்கள் நரம்பு வளர்ச்சிக் காரணி, எண்டோதெலின் போன்றவற்றைச் சுரக்கின்றன. நரம்பு நுனிகள் கூருணர்வு அடைகின்றன. சின்னத் தூண்டலுக்கே அலாரம் அடிக்கிறது. ஒரு வாய் சோறு, ரெண்டு வார்த்தை பேச்சு, அதுகூட வலியாகிறது. சிலருக்குக் கட்டி நரம்பைச் சுற்றியும் உள்ளேயும் படரும். நாக்கில் கட்டி இருக்க, காது வலிப்பதும் உண்டு. இரண்டுக்கும் உணர்வு தரும் கிளைகள் ஒரே நரம்பிலிருந்து வருவதே காரணம்.

நரம்பும் சும்மா இருப்பதில்லை. புற்று, உணர்வு நரம்புகளின் இயல்பையே மாற்றி, தன் வளர்ச்சிக்குத் துணையாக்கிக்கொள்வதை 2020-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு எலிகளில் காட்டியது.

அப்போ வலி இல்லைன்னா பயமில்லையா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆரம்பத்தில் வரும் வெள்ளை, சிவப்புத் திட்டுகளும் புண்ணும் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும்வரை காத்திருந்தால் நோய் முந்திக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

ரெண்டு வாரமாகியும் ஆறாத புண், திட்டு, கட்டி, வாய் திறக்கச் சிரமம் என்றால் பல் அல்லது காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெங்களூரில் கித்வாய் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. "புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்" என்பது சமாதானம் ஆகாது. பாக்கும் புற்றை உண்டாக்கும்.

வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்தால், வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள். எரிகிறதா, ஷாக் அடிக்கிற மாதிரியா, பேசும்போதா என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் உண்டு. தேவைப்பட்டால் மார்ஃபினும் உண்டு.