கெட்டிக்காரப் பிள்ளையும் கவனக் குறைவும்



“புத்தியுண்டு, பொறுப்பில்லை” என்று சில பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் கூறுவதை நாம் கேட்டிருக்கின்றோம். கேள்விக்கு உடனே விடை சொல்லும் பிள்ளை, எழுதத் தொடங்கிய பாடத்தை அரைவாசியில் விட்டுவிடுகின்றது. கொப்பியும் பென்சிலும் நாளுக்கொன்றாகத் தொலைகின்றன. மத்ரஸாவில் ஒரு ஸூராவை விரைவாக மனனமிட்ட அதே பிள்ளை, மறுநாள் குர்ஆனை எடுத்துச் செல்ல மறந்துவிடுகின்றது. வீட்டில் ஏச்சே மிஞ்சுகின்றது. இத்தகைய பிள்ளையை வைத்தியரிடம் காட்ட வேண்டுமா?

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைவு, மிகைச் செயற்பாட்டுக் குறைபாடு மூளையின் வளர்ச்சியோடு தொடர்புடையது. பெருமளவு பரம்பரை வழி வருவது. வளர்ப்புக் குறையால் உண்டாவதன்று. அறிவுக் கூர்மையுள்ள பிள்ளைக்கும் இது இருக்கலாம். ஆரம்ப வகுப்புக்களில் அதன் ஞாபகசக்தியே குறையை மறைத்துவிடும். பாடங்கள் பெருகி, தானே திட்டமிட்டுப் படிக்க வேண்டிய காலத்திலேயே சறுக்கல் வெளிப்படும். அமைதியான பெண்பிள்ளைகளில் இது கவனிக்கப்படாமலே போவதுமுண்டு. ஆகவே, “புள்ளிகள் நன்றாகத்தானே இருக்கின்றன” என்று இருந்துவிடலாகாது.

அதேவேளை, துடிதுடிப்பான பிள்ளைகள் எல்லோருக்கும் இக்குறைபாடு உண்டெனக் கருதவும் கூடாது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையின்படி, அறிகுறிகள் 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். அவற்றிற் பல 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பாடசாலை என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும். வகுப்பில் மட்டும் சோர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் எளிதாகிச் சலித்திருக்கலாம். பார்வைக் குறை, செவிக் குறை, தூக்கமின்மை, மனக்கவலை ஆகியனவும் இவ்வாறே தோற்றமளிக்கும்.

இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதனைக் காட்டித் தராது. பெற்றோரும் ஆசிரியரும் கூறும் விபரங்களே வைத்தியருக்கு முக்கிய ஆதாரம். எனவே பிள்ளை எங்கே, எப்போது தடுமாறுகின்றது என்பதைச் சில வாரங்கள் குறித்து வையுங்கள். வகுப்பாசிரியரிடமும் கேளுங்கள். இரண்டு இடங்களிலும் துன்பம் தொடருமாயின், சிறுவர் நோய் நிபுணரையோ சிறுவர் உளமருத்துவ நிபுணரையோ நாடத் தயங்காதீர்கள்.

“ஊர் என்ன பேசும்?” என அஞ்சுவோர் உளர். ஆனால், “சோம்பேறி”, “அடங்காப் பிள்ளை” என்ற பெயர்களை நாமே தினமும் சூட்டிக்கொண்டிருக்கின்றோம். பிள்ளையோ அதனை நம்பிவிடுகின்றது. வைத்தியரிடம் காட்டுவதால் மருந்துக்குச் சம்மதித்ததாக ஆகிவிடாது. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை, பெற்றோருக்கான பயிற்சியே முதலில் பரிந்துரைக்கப்படுகின்றது. வளர்ந்த பிள்ளைக்கு மருந்து தேவையா என்பதை வைத்தியரோடு கலந்து பேசித் தீர்மானிக்கலாம்.

இளைஞர்களே! இத்துன்பத்தை நீங்களே அனுபவிப்பவராயின், வெட்கப்படாது உம்மாவிடமோ வாப்பாவிடமோ கூறுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஏசுமுன் காரணத்தை அறிந்துகொள்வோம்.