'அங்கிள்' என்னும் சொல்லின் தாய்மாமன் வேர்

குந்தா வட்டத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் சித்தப்பா, மாமா ஆகிய இருவரையும் சிறார் 'அங்கிள்' என்றே விளிப்பதைக் காணலாம். இச்சொல்லின் மூலமான இலத்தீன் 'அவுங்குலுஸ்' தாயின் உடன்பிறந்தானை மட்டுமே குறித்தது. அது பாட்டனைக் குறிக்கும் 'அவுஸ்' என்பதன் குறுமை வடிவம். தந்தையின் உடன்பிறந்தானுக்குப் 'பத்ருஉஸ்' என்னும் தனிச்சொல் இருந்தது. பழைய ஆங்கிலமும் தாய்மாமனை 'ஏஆம்' எனவும், தந்தையின் உடன்பிறந்தானை 'ஃபெடெரா' எனவும் வேறுபடுத்தியது. பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்திற் புகுந்த 'அங்கிள்' நாளடைவில் இவ்விரண்டையும் வழக்கிழக்கச் செய்தது. தமிழிலோ இவ்வேறுபாடே மணமுறைக்கு அடிப்படை: சித்தப்பா மகள் தங்கை, மாமன் மகள் முறைப்பெண். எனவே 'அங்கிள்' நிலைபெறின், மறைவது இரு சொற்கள் மட்டுமன்று. உடன்பிறந்தார் யார், கொள்வினைக்குரியோர் யார் எனச் சிறாருக்கு விளிப்பிலேயே உணர்த்திவந்த உறவிலக்கணமும் ஆகும்.