வண்டுக்கு வயது பார்ப்பது எப்படி?

குழந்தைகளே, சின்னதாக ஒரு வண்டு ஓடினால் ‘குட்டி வண்டு’ என்கிறோம். அது சரியில்லை. வண்டு வளர்வதெல்லாம் புழுவாக இருக்கும்போதுதான். கூட்டுப்புழுப் பருவம் முடிந்து வண்டாகிவிட்டால், அதன் ஓடு பிறகு வளரவே வளராது. பாட்டி வண்டும் பேத்தி வண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்!

அப்படியானால் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நெதர்லாந்தின் ட்ரெந்தே பகுதியில் டென் போயர் என்ற விஞ்ஞானி 1959-இல் தரை வண்டுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். கிண்ணங்களை மண்ணில் விளிம்புவரை புதைத்துவைத்தால், ஓடித் திரியும் வண்டுகள் அவற்றில் விழும். அந்த நாட்டில் ‘கலாதஸ்’ என்றொரு வண்டு உண்டு. தலை கறுப்பு, கழுத்துப் பகுதி சிவப்பு, நீளம் சுமார் 7 மி.மீ. இதில் சில பெண் வண்டுகள் குளிர்காலத்தைத் தாண்டி, மறு ஆண்டும் முட்டையிடும்.

கிண்ணத்தில் விழுந்த வண்டுகளில் இளையது எது, மூத்தது எது என்று அறிய முதலில் ஓட்டைப் பார்க்கலாம். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வந்த வண்டின் ஓடு வெளிறி, மெத்தென்று இருக்கும். பிறகு நிறமேறி இறுகும். அடுத்து தாடையைப் பார்க்க வேண்டும். இளம் வண்டின் தாடை நுனி கூர்மையாக இருக்கும். இரையைக் கடித்துக் கடித்து, பழைய அரிவாள்போல அது மழுங்கிவிடும். ஆனால் எல்லா வண்டுக்கும் ஒரே வேகத்தில் தேயாதே!

அதனால் விஞ்ஞானிகள், இறந்த பெண் வண்டின் வயிற்றைத் திறந்து, நுண்ணோக்கியில் முட்டைக்குழாய்களைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முட்டையையும் செல்களாலான உறை மூடியிருக்கும். முட்டை வெளியேறியதும் அந்த உறை சுருங்கி, குழாயின் அடியில் மஞ்சள் நிறமாகத் தங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான். இரண்டு பெண் வண்டுகள். இரண்டின் வயிற்றிலும் முட்டை இல்லை. ஒன்றில் மஞ்சள் தடம் இருக்கிறது. அது ஏற்கெனவே முட்டையிட்ட மூத்த வண்டு. மற்றதில் தடமே இல்லை, குழாய்களும் நூலாக மெலிந்திருக்கின்றன. அது இன்னும் முட்டையிடாத இளசு. இத்தனை நாள் வயது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தாடைத் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்த்தால், இது அந்த வண்டு முட்டையிடும் முதல் பருவமா, இரண்டாம் பருவமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதைத் தெரிந்து என்ன பயன்? ஓர் ஆண்டு வானிலை கெட்டுப் புழுக்கள் பெரும்பாலும் மடிந்துபோனாலும், தப்பிப் பிழைத்த மூத்த பெண் வண்டுகள் மறுபடி முட்டையிட்டு இனத்தைக் காப்பாற்றும். அவை எத்தனை இருக்கின்றன என்று பார்த்தால், அந்த இனம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று புரியும்.

தோட்டத்தில் வண்டைக் கண்டால் பூதக்கண்ணாடி வைத்துத் தாடையைப் பாருங்கள். ஓடு வெளிறி மெத்தென்று இருந்தால் மட்டும் தொடாதீர்கள். அது அண்மையில்தான் வண்டாகியிருக்கும்.