தோல்விப் பாதையில் கசியும் நினைவகம்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் வீட்டுக்கு வீடு வைஃபை ரவுட்டர் இருக்கிறது. நெட் மந்தமானால் சுவிட்சை அணைத்துப் போடுகிறோம். பல நேரம் சரியாகிவிடுகிறது. அதற்குரிய காரணங்களில் ஒன்று, பெரும்பாலான ரவுட்டர்களில் ஓடும் லினக்ஸ் கெர்னலில் நேரும் நினைவகக் கசிவு.

கெர்னல் இயங்குதளத்தின் மையம். ஒவ்வொரு வேலைக்கும் நினைவகம் ஒதுக்கும். முடிந்ததும் விடுவிக்க வேண்டும். சாதாரணச் செயலி விடுவிக்க மறந்தால், அது மூடப்படும்போது கெர்னல் எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும். கெர்னலே மறந்தால் மீட்க ஆளில்லை. மறுபடி பூட் செய்யும்வரை அந்த இடம் போனது போனதுதான்.

இந்த மறதி பெரும்பாலும் நேர்வது, வேலை பாதியில் தோற்கும்போது. கல்யாணம் நின்றுபோன களேபரத்தில் வாடகைப் பாத்திரங்களைத் திருப்பித் தர மறப்பதுபோல. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் 2019இல் பதிவான சிவிஇ-2019-19062 அப்படிப்பட்டது. குறியாக்க முறை ஒன்றின் விவரத்தைக் கேட்டால், 'கிரிப்டோ_ரிப்போர்ட்' என்ற செயற்கூறு பதிலுக்காக ஓர் இடையகத்தை ஒதுக்கி, அதில் விவரத்தை நிரப்பும். நிரப்புவதில் பிழை வந்தால், பிழை எண்ணை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். இடையகம் அநாதையாகக் கிடக்கும். அந்தப் பிழையை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப வரவழைக்க முடிந்தால், அதுவே தாக்குதல். தடவைக்கு 1 கிலோபைட், நொடிக்கு 1,000 தடவை என்று வைத்துக்கொண்டாலும், 128 மெகாபைட் ரவுட்டர் இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும்போது மூச்சுத் திணறிவிடும்.

திருத்தம்? பிழையோடு திரும்புவதற்கு முன், இடையகத்தை விடுவிக்கும் 'கேஃப்ரீ_எஸ்கேபி' என்று ஒரு வரி. ஆனால் அந்த வரியை எங்கே வைப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. வேறொருவர் இன்னும் பயன்படுத்தும் இடத்தை விடுவித்தாலோ, ஒரே இடத்தை இருமுறை விடுவித்தாலோ கசிவைவிட மோசமான ஓட்டை திறக்கும். எந்தப் புள்ளியில் அந்த நினைவகம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று ஒவ்வொரு தோல்விப் பாதையிலும் நடந்து பார்க்க வேண்டும். ஒரு வரித் திருத்தங்களை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான்.

கசிவைக் கண்டுபிடிக்க, 2009இல் வந்த லினக்ஸ் 2.6.31 முதல் 'கேமெம்லீக்' என்ற கருவி இருக்கிறது. எழுதியவர் கேட்டலின் மரினாஸ். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகத்தைத் துழாவும். ஒதுக்கப்பட்ட இடத்தின் முகவரி எங்குமே காணப்படவில்லையென்றால் அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்து, ஒதுக்கிய செயற்கூறுகளின் வரிசையையும் காட்டும். அந்தச் செயற்கூறுகளில் நடப்பதைக் கவனிக்க இன்னொரு கருவியும் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் ஏறக்குறைய நினைத்த இடத்தில் கண்ணி வைத்துப் பார்க்கும் 'கேப்ரோப்ஸ்' 2004இல் 2.6.9 பதிப்பில் சேர்ந்தது. அதை வளர்த்தவர்களில் பிரசன்னா பஞ்சமுகி, இதே ஊரில் ஐபிஎம்மின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் இருந்தவர்.

கெர்னலின் மூலநிரலில் திருத்தினாலும், தயாரிப்பாளர் புதுப்பிப்பு அனுப்பினால்தான் அது வீட்டு ரவுட்டருக்கு வந்து சேரும். புதிது வாங்கும்போது எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிப்பு வரும் என்று கடையில் கேளுங்கள்.