வெந்நீரும் நேரக்கருவியும்: ஏவல், அளவு, காப்பு

வீட்டுக் குளியலறையிலுள்ள வெந்நீர்க் கலத்துக்கு நேரக்கருவி ஒன்றை, அதாவது பேச்சில் நாம் டைமர் என்று சொல்லும் பொருளை, எவ்வாறு இணைப்பது என்பதே இவ்வுரையின் பொருள். மொழி வளர்ச்சிக்காக நடைபெறும் ஒரு சொற்பொழிவு வரிசையில் இதற்கு என்ன இடம் என்ற வினா எழுவது இயல்பே. ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ நம் வீடுகளில் இக்கருவியைப் பற்றிப் பேச்செழுந்தால், "அது ஆட்டோமேட்டிக், தானாகவே நின்றுவிடும்" என்ற ஒரே தொடரால் முடித்துவிடுகிறோம். எது நிற்கிறது, எதன் கட்டளையால் நிற்கிறது, அது நிற்கத் தவறினால் நம்மைக் காப்பது எது என்னும் மூன்று வினாக்களுக்கும் அத்தொடரில் விடையில்லை. நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் கூடும் குளியலறையில் இத்தெளிவின்மை உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

வெந்நீர்க் கருவி ஒன்றில் மூன்று வேலைகள் நடைபெறுகின்றன. எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வது முதல் வேலை; இதனை ஏவல் என்போம். எவ்வளவு சூடு போதும் என்று அறிந்து நிறுத்துவது இரண்டாவது, இது அளவு. பழுது நேர்ந்தவிடத்து மனிதனைக் காப்பது மூன்றாவது, இது காப்பு. நேரக்கருவி செய்வது ஏவல் ஒன்றே. இதனை உணர்ந்தால் இணைப்பின் நுட்பங்கள் யாவும் எளிதில் விளங்கும்.

புகையறையில் ஒருவரே செய்த மூன்று வேலைகள்

நெருப்பையும் நேரத்தையும் இணைத்து ஆளும் கலை பேரா மாநிலத் தமிழர்க்குப் புதியதன்று. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் மாநிலமெங்கும் தோட்டங்கள் பரவியபோது, அவற்றோடு ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகையறைகளும் எழுந்தன. மரத்திலிருந்து எடுத்த பாலை அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளில் கொடுத்துத் தகடாக்கி, நீர் வடிந்தபின் புகையறையில் கம்புகளின்மேல் தொங்கவிடுவர். விறகுத் தீயின் சூட்டிலும் புகையிலும் அத்தகடுகள் ஏறத்தாழ நான்கு நாள் உலரும். முதல் நாள் 40 பாகை செல்சியசை ஒட்டிய மிதமான சூடு. பிறகு நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டி, இறுதியில் 60 பாகையளவில் நிறுத்த வேண்டும். தொடக்கத்திலேயே சூடு மிகுந்தால் தகட்டில் கொப்புளம் எழும். சூடு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டினாலும் தகட்டின் தரம் தாழும், விலையும் குறையும்.

புகையறைத் தீயைக் கவனித்த தொழிலாளி, எந்த நாளில் எவ்வளவு விறகிடுவது என்று அறிந்திருந்தார். அது ஏவல். வெப்பமானியைப் பார்த்துக் காற்று வழியைத் திறந்தும் மூடியும் சூட்டை நிலைப்படுத்தினார். அது அளவு. தீப்பொறி மேலெழுந்து தகடுகளைப் பற்றிவிடாமல் விழித்திருந்தார். அது காப்பு. மூன்றும் ஒரு மனிதரின் அறிவுக்குள் அடங்கியிருந்தன. இன்றைய வெந்நீர்க் கருவி அம்மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் உறுப்பிடம் ஒப்படைத்திருக்கிறது. பழைய தீக்காவலரிடம் இருந்த முழுமையான அறிவு இன்று வீட்டாரிடம் இருக்கிறதா என்பதே நம் கவலை.

விறகடுப்பிலிருந்து மின்கலம் வரை

செண்டரோ நீர்மின் நிலையம் 1930இலேயே இயங்கத் தொடங்கி, கிந்தா ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்கியது. ஆயினும் தோட்டத்து லயங்களுக்கு விளக்கொளி காலந்தாழ்ந்தே வந்தது. பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டர் ஓடியது. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் விறகடுப்பின்மேல் ஏற்றிய அண்டாவே வெந்நீர் தந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரையொட்டிய தாமான்களில் குடியேறியபின், சுவரில் பொருத்திய மின்கருவி அவ்வண்டாவின் இடத்தைப் பிடித்தது.

அக்கருவியில் இருவகை உண்டு. குழாயைத் திறந்தவுடன் ஓடும் நீரை அப்போதைக்கப்போது சூடாக்குவது உடனடி வகை. அதில் நீர் தேங்குவதில்லை; ஆதலின் அதற்கு நேரக்கருவி தேவையில்லை. நீரைக் கலத்தில் தேக்கி, சூடாக்கி, சூடு ஆறாமல் வைத்திருப்பது சேமிப்பு வகை. நேரக்கருவிக்குப் பயன் இங்கேதான்.

அப்பயனை ஒரு கணக்கால் காண்போம். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். 30 லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்கு, அதாவது 33 பாகை உயர்த்த 30 × 33 × 4.2 = 4,158 கிலோ ஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோ ஜூல். எனவே செலவு சுமார் 1.16 யூனிட். 2 கிலோவாட் கருவி இதனை ஏறத்தாழ 35 நிமிடத்தில் முடிக்கும். 60 பாகையிலுள்ள அந்த 30 லிட்டரோடு 27 பாகையிலுள்ள 46 லிட்டரைக் கலந்தால், 40 பாகையில் 76 லிட்டர் குளியல் நீர் கிடைக்கும்.

காலை 6 மணிக்குக் குளிப்பவர் 5.15க்குக் கருவியைத் தொடங்கினால் போதும் என்பது இதனால் விளங்கும். நாள் முழுதும் இயங்க விட்டால், கலத்திலிருந்து கசியும் வெப்பத்தை ஈடுசெய்ய அது மீண்டும் மீண்டும் மின்சாரம் உண்ணும். நேரக்கருவி மிச்சப்படுத்துவது அந்தக் கசிவை மட்டுமே. நீரைச் சூடாக்கும் அடிப்படைச் செலவு குறைவதில்லை. உறை நன்கு அமைந்த கலத்தில் மிச்சம் சிறிதே என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2025 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள கட்டண முறையில், நேரத்துக்கேற்ற கட்டணத்தை வீட்டுப் பயனர் விரும்பித் தேர்ந்தெடுக்கலாம். அதில் வேலை நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணம் மிகுதி. அத்தகையோர்க்கு நேரக்கருவி கூடுதலாக உதவும்.

இருவகை இணைப்பு

நேரக்கருவியின் உள்ளே கடிகாரம் ஒன்றும் தொடுமுனைகள் சிலவும் உள்ளன. கடிகாரம் ஓடுவதற்கு மின்கம்பியும் நடுநிலைக் கம்பியும் அதற்கு வேண்டும். தொடுமுனைகள் பெரும்பாலும் மூன்று: பொதுமுனை, இயல்பில் திறந்த முனை, இயல்பில் மூடிய முனை. குறித்த நேரம் வந்ததும் பொதுமுனை, மூடிய முனையை விட்டு விலகித் திறந்த முனையோடு சேரும். வாய்க்கால் மடையைத் திருப்பி வேறு பாத்தியில் நீர் பாய்ச்சுவது போன்றதே இச்செயல்.

நம் நாட்டுச் சேமிப்புக் கலத்துக்குச் செல்லும் மின்சாரம் முழுவதும் அத்தொடுமுனை வழியே பாய்கிறது. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் கருவி 8.7 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் கருவி 13 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவையும் நெடுநேரம் தாங்கும் திறன் தொடுமுனைக்கு இருத்தல் வேண்டும். தாங்கும் திறன் குறைந்ததாயின், கான்டாக்டர் என்னும் வலிய இடைச் சுவிட்சை அமைத்து, நேரக்கருவி அதனை மட்டும் ஏவும்படி செய்வர். சுவரிலுள்ள மும்முனைத் துளையில் செருகும் சிறு டைமரை வெந்நீர்க் கலத்துக்குப் பயன்படுத்துவது தவறு. அது காற்றாடிக்கும் விளக்குக்கும் ஏற்றது. நெடுநேரச் சுமையில் சூடேறி உருகக்கூடும்.

இரண்டாம் வகையை, மேற்படிப்புக்காகப் பிரிட்டன் செல்லும் நம் மாணவர்கள் தங்கள் விடுதிகளில் காண்பர். அங்கே வீட்டைச் சூடாக்கவும் குழாயில் வெந்நீர் தரவும் ஒரே எரிவாயுக் கொதிகலன் உண்டு. அதனைக் காம்பி பாய்லர் என்பர். குழாய் நீரை அது கேட்டவுடன் சூடாக்கித் தரும். அதற்கு நேரம் குறிக்க வேண்டியதில்லை. அறைகளைச் சூடாக்கும் பகுதிக்கே நேரக்கருவி இணைக்கப்படுகிறது. அங்கே கொதிகலனின் மின்சாரத்தை நேரக்கருவி துண்டிப்பதில்லை. "இப்போது சூடு வேண்டும்" என்ற செய்தியை மட்டும் சொல்கிறது. கொதிகலனின் தாள்பலகை அச்செய்தியைப் பெற்று, விசையியக்கியையும் எரிப்பானையும் உரிய முறையில் இயக்கும்.

அச்செய்தியும் எல்லாக் கொதிகலன்களிலும் ஒரே வடிவில் இருப்பதில்லை. சில, 230 வோல்ட் மின்சாரம் திரும்பி வருவதையே செய்தியாகக் கொள்ளும். அவற்றுக்கு நேரக்கருவியின் மின்முனைக்கும் பொதுமுனைக்கும் இடையே ஓர் இணைப்புக் கம்பி இடுவர். வேறு சில, தம்முடைய குறைந்த மின்னழுத்தத்தைத் தாமே அனுப்பி, இரு முனைகளும் சேர்ந்தனவா என்று மட்டும் பார்க்கும். அவற்றுக்கு அந்த இணைப்புக் கம்பி கூடவே கூடாது. மறதியால் அதனை விட்டுவைத்தால், குறைந்த மின்னழுத்தத்துக்கான முனையில் 230 வோல்ட் பாய்ந்து தாள்பலகை கருகிவிடும். விரலளவுக் கம்பி ஒன்று இருப்பதா, இல்லாதிருப்பதா என்பதே அங்கு முழு இணைப்பின் உயிர்நிலை.

ஏவலைக் காப்பென மயங்கலாகாது

தொடுமுனை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சிறு தீப்பொறி எழுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல முனைகள் தேய்ந்து, ஒருநாள் ஒன்றோடொன்று பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளவும் கூடும். அன்று நேரக்கருவியின் கடிகாரம் நின்றுவிட்டதாகக் காட்டும்; மின்சாரமோ பாய்ந்துகொண்டே இருக்கும். மின்தடைக்குப்பின் பின்தங்கிய கடிகாரம் தவறான வேளையில் கருவியை இயக்குவதும் உண்டு. பிற்பகல் இடிமழை மிகுந்த நம் மாநிலத்தில் இது அரிதன்று. மின்கலத் துணையுள்ள நேரக்கருவியைத் தேர்வது இதனாலேயே நன்று.

ஏவல் தவறிய அந்நாளில் வெப்பநிலைப்படுத்தி சூட்டை அளவில் நிறுத்தும். அதுவும் தவறினால் மிகைவெப்பத் துண்டிப்பான் மின்சாரத்தை அறுக்கும். அழுத்தம் மிகுந்தால் அழுத்தம் நீக்கும் வால்வு அதனை வெளியேற்றும். மின்சாரம் கசிந்தால் கசிவு மின்னோட்டக் காப்பான் துண்டிக்கும். சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது இடையறாது ஒப்பிடுகிறது. 1994ஆம் ஆண்டின் மின் ஒழுங்குமுறைகள், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்பானை விதிக்கின்றன. 2 கிலோவாட் கருவி இழுக்கும் மின்னோட்டத்தில் இது ஏறத்தாழ 870இல் ஒரு பங்கு. மிகைச்சுமையைத் தடுக்கும் சாதாரணச் சுவிட்ச் இத்துணைச் சிறு வேறுபாட்டை உணராது. மனித இதயமோ சில பத்து மில்லியாம்பியர்களாலேயே நின்றுவிடக்கூடும்.

ஆகவே நேரக்கருவியை இணைக்கும்போது இக்காப்புகளுள் எதனையும் நீக்கவோ தவிர்த்துச் செல்லவோ கூடாது. மின்பகிர்வுப் பெட்டியில் முதலில் கசிவுக் காப்பான், அடுத்து மிகைச்சுமைத் துண்டிப்பான், பின்னர் நேரக்கருவி, அதன்பின் 20 ஆம்பியர் இருமுனைச் சுவிட்ச், இறுதியில் கலம் என்பது நல்ல வரிசை. நேரக்கருவி குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். நிலக்கம்பி எங்கும் அறுபடாமல் கலம்வரை செல்ல வேண்டும். இவ்வேலையைச் சட்டப்படி பதிவுபெற்ற வயர்மேன் செய்தல் வேண்டும். மாணவர் தாமே செய்து பார்ப்பதற்குரியதன்று இது. ஆனால் வயர்மேனிடம் கேட்கவேண்டியவற்றை யாவரும் கேட்கலாம்: தொடுமுனை எத்தனை ஆம்பியர் தாங்கும்? கசிவுக் காப்பான் 10 மில்லியாம்பியர் உடையதா? கருவியில் சிரிம் முத்திரை உள்ளதா? கசிவுக் காப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வீட்டாரின் கடமை. அழுத்தியும் அது விழவில்லையாயின், பழுது நீங்கும்வரை வெந்நீர்க் கலத்தை இயக்கக்கூடாது.

சிக்கனம் கருதி வெப்பநிலைப்படுத்தியை மிகத் தாழ்த்திவிடுதலும் தகாது. இளஞ்சூட்டில் தேங்கும் நீரில் நோய்க்கிருமிகள் பெருகும். கலத்தில் 60 பாகைக்குச் சூடாக்கி, குழாயில் குளிர்நீர் கலந்து பயன்படுத்துவதே முறை.

வகுப்பறைக்குரிய சொற்கள்

ஏவல் வினைமுற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், "செய்" என்று ஏவியவுடன் செயல் நிகழ்ந்துவிடுவதில்லை என்பதை அறிவார். ஏவுவோர் ஒருவர், செய்வோர் வேறொருவர். நேரக்கருவிக்கும் வெந்நீர்க் கலத்துக்கும் உள்ள உறவும் அத்தகையதே. மின்னியலைக் கற்பிக்கும்போது மாணவரைத் தத்தம் வீட்டு மின்பகிர்வுப் பெட்டியைத் தொடாமல் உற்றுநோக்கச் செய்து, எது ஏவல், எது அளவு, எது காப்பு என்று தமிழில் எழுதிவரப் பணிக்கலாம். ஒரு வாரத்தில் அவர்கள் பெற்றோர்க்கும் அதனை விளக்குவர்.

புகையறைத் தீக்காவலர்க்கு இக்கலைச்சொற்கள் தேவைப்படவில்லை. வேலை முழுவதும் அவர் கண்முன் நிகழ்ந்தது. இன்று அவ்வேலை வெண்ணிறப் பெட்டி ஒன்றுக்குள் மறைந்து நடைபெறுகிறது. கண்ணுக்கு மறைந்ததைக் காட்டித் தரச் சொல் வேண்டும். "டைமர் இருக்கிறது, கவலையில்லை" என்று ஒருவர் கூறும்போது, "அது ஏவல்தான், காப்பு எங்கே?" என்று வினவத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்குமாயின், இவ்வுரையின் பயன் அதுவே.